பெட்டி நிறைந்துவிட்டது

அந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் கம்ப்யூட்டர் சொல்லித்தரவில்லை. கம்ப்யூட்டர் பேசும் இங்கிலீஷைச் சொல்லித்தந்தேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அது. நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து இறங்கும்போது தலையில் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் சேர்ந்த இடம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை.

என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் இருந்தது. படிக்க வருகிறவர்கள் மௌஸ் பிடிக்கச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். திரையில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வந்து நின்றால்தான் கை உறைந்துபோகும். பிளஸ் டூ முடித்த ஒரு பெண், ஏதோ ஒரு பட்டனைத் தட்டப்போய் 'இல்லீகல் ஆபரேஷன்' என்று வந்ததைப் பார்த்து அழுதே விட்டாள். சட்டவிரோதம் என்ற அர்த்தம் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நான் ஒண்ணும் பண்ணல மிஸ், தானா வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். 'ஃபேட்டல் எர்ரர்' என்றால் என்ன என்று கேட்டார். நான் யோசிக்காமல், சாவில் கொண்டுபோய் விடும் பிழை என்று சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

சென்டரை நடத்தியவர், "மெஷினத் தொடறதுக்கு முந்தி வார்த்தையச் சொல்லிக் குடுத்துருங்க மேடம். பயம் போயிட்டா மத்தது தானா வந்துரும்" என்பார். அதுதான் என் வேலை. சேவ் என்றால் காப்பாற்றி வைப்பது, பேஸ்ட் என்றால் ஒட்டுவது, லாக் இன் என்றால் உள்ளே நுழைவது என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். எல்லாரும் எழுதிக்கொள்வார்கள்.

வெயில் படக் கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெளியே பெரம்பலூர் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே பகல் பதினொரு மணிக்கும் சாயங்காலம் மாதிரி இருக்கும். கரண்ட் போனால் யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கூவும். பிறகு அதுவும் அடங்கி, அணைந்த திரைகளில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்கள் கறுப்பாகத் தெரியும். அந்த முகங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. நான் வாசல் பக்கம் வந்து நின்றுகொள்வேன்.

அந்த அக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேப்பந்தட்டையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார். நெற்றியில் குங்குமம் அப்பியிருந்தது. காலேஜ் பெண்களுக்கு நடுவில் கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எனக்கு சர்ட்டிபிகேட் எல்லாம் வேணாம் டீச்சர். மெயிலு போடக் கத்துக்குடுங்க. அது போதும்."

"யாருக்குப் போடணும்க்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. சவுதியில இருக்காரு."

கணவர் அங்கே போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் மாதம் தவறாமல் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஆளிடம் வேலைக்கு மாறுவதாகச் சொன்னார். அதன் பிறகு போன் வரவில்லை. அவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டால் யாரோ அரபியில் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அனுப்பிவைத்த ஏஜெண்டின் ஆபீஸ் திருச்சியில் இருந்த இடத்தில் இப்போது போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது அந்த மெயில் முகவரி ஒன்றுதான். அங்கே போனபின் ரூமில் கூட இருந்த கூட்டாளி ஒருவர் அவருக்கு அதைத் தொடங்கிக் கொடுத்தாராம். போனில் ஒவ்வொரு எழுத்தாகக் கணவர் சொல்லச் சொல்ல, இவர் மனப்பாடம் செய்துவிட்டார்.

"சொல்றேன் பாருங்க டீச்சர்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். "நடுவுல கீழ ஒரு கோடு வரும். கடைசியில அந்தச் சுழிச்ச ஏ. அதுக்கப்புறம் கம்பெனி பேரு, ஒரு புள்ளி, காம்."

அண்டர்ஸ்கோர் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து பிசகவில்லை.

"பிரவுசிங் சென்டர்ல குடுத்தா அவங்களே அடிச்சு அனுப்பிடுவாங்களே?" என்று கேட்டேன்.

"ஒரு வாட்டி அனுப்பினேன். புருசங்கிட்ட கேக்குறத இன்னொரு ஆம்பளகிட்ட சொல்லி அடிக்கச் சொல்றதா? பாதிய முழுங்கிட்டேன் டீச்சர். நானே கத்துக்குறேன். ஒம்பதாவது வரைக்கும் படிச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமைகளிலும் சில திங்கட்கிழமைகளிலும் வருவார். அந்த இரண்டு நாளும்தான் சிறுவாச்சூரில் கோயில் நடை திறந்திருக்கும். அம்மனைப் பார்த்துவிட்டு நெற்றிக் குங்குமத்தோடு படியேறி வருவார். வார்த்தைகளை வேகமாகப் பிடித்துக்கொண்டார். கம்போஸ் என்றால் புதிதாக எழுதுவது. டு என்பது யாருக்கு. சென்ட், அனுப்பு. இன்பாக்ஸ், நமக்கு வந்தது விழும் பெட்டி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும் என்றதும்தான் கொஞ்சம் தடுமாறினார். 'ழ'வுக்கு எழுத்து இல்லையா என்று வருத்தப்பட்டார். ஒரு விரலால் தேடித் தேடி அடிப்பார். என்ன அடிக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

இன்டர்நெட் ஒரே ஒரு மெஷினில்தான் இருந்தது, மூலையில். இணைப்பு கிடைக்கும்வரை போன் லைனில் ஒரு சத்தம் வரும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மூச்சடைத்துக் கத்துவது போல இருக்கும். அது அடங்கினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அவர் முதல் மெயிலை அனுப்பிய அன்று, சப்ஜெக்ட் என்ற கட்டத்தில் வந்து நின்றார்.

"இதுல என்ன டீச்சர் போடணும்?"

"என்ன விஷயமா எழுதுறோம்னு ரெண்டு வார்த்தையில போடணும்க்கா."

"அவருக்கே தெரியும், என்ன விசயம்னு" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தை அப்படியே விட்டார். சப்ஜெக்ட் இல்லையே, பரவாயில்லையா என்று திரை கேட்டது. ஓகே அழுத்தினார். மெயில் போய்விட்டது.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், திடீரென்று, "டீச்சர்! டீச்சர்!" என்றார். இன்பாக்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்று என்று வந்திருந்தது. அந்த முகம் எனக்கு இப்போதும் மறக்கவில்லை. ஓடிவந்து நானும் குனிந்தேன். வகுப்புக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் பின்னால் வந்து நின்றார்கள். அவர் ஒரு விரலால் அழுத்தினார்.

அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில், 'மெயிலர் டீமன்' என்று இருந்தது.

"இது யாரு?" என்றார்.

நான் அந்தச் சொல்லைக் கதைப் புத்தகங்களில்தான் பார்த்திருந்தேன், எழுத்துதான் சற்று வேறு. பின்னால் நின்ற பெண், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "டீமன்னா பேய்தானே மிஸ்?" என்று சொல்லிவிட்டாள்.

"அப்படியெல்லாம் இல்லக்கா. இது ஒரு ப்ரோகிராம். போஸ்ட்மேன் மாதிரி. பின்னால இருந்து, நம்ம கண்ணுக்குத் தெரியாம வேல செய்யும். அதுக்கு வச்சிருக்குற பேரு இது."

"கண்ணுக்குத் தெரியாம வேல செய்யிறதுன்னா அதுதான டீச்சர்?" என்றார். சிரிக்கவில்லை. "என்ன எழுதியிருக்கு?"

டெலிவரி என்றால் கொண்டுசேர்ப்பது. ஃபெயிலியர், முடியாமல் போனது. மெயில்பாக்ஸ் ஓவர் கோட்டா. இன்னாருடைய பெட்டி நிறைந்துவிட்டது, அதனால் உங்கள் கடிதத்தை உள்ளே போட முடியவில்லை, திருப்பி அனுப்புகிறோம். அந்தக் காலத்து இலவச மெயில் பெட்டிகள் சின்னவை. ஒருவர் திறந்து பார்த்துப் பழையதை அழிக்காவிட்டால் கண்ட கண்ட விளம்பரங்களே அதை நிரப்பிவிடும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அவரு பெட்டியத் தொறந்து ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தமா?"

"அவருக்கு நேரம் கிடைச்சிருக்காது அக்கா. அங்க பக்கத்துல கம்ப்யூட்டர் இல்லாத இடமா இருக்கும்."

"இருக்கும்" என்றார்.

அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். உட்கார்ந்தார், அடித்தார், அனுப்பினார். ஒரு நிமிடம் ஆகவில்லை, அது திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். கொழுந்தன் வீட்டில், கணவர் அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று பேசினார்கள். ஜெயிலில் இருப்பதாக ஒருவர் சொன்னார். இன்னொன்றையும் சிலர் சொன்னார்கள். அதை அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி இருந்தாள். அவளிடம், அப்பாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு நாள், திரும்பி வந்த மெயிலைப் பார்த்துக்கொண்டே, "எத்தன பேருக்கு மனு குடுத்தோம். ஒருத்தரும் பதில் போடல. இவன் மட்டுந்தான் டீச்சர் தவறாம பதில் போடுறான்" என்றார்.

அன்றிலிருந்து அந்த மூலை மெஷின் எனக்கு ஆகாமல் போனது. மற்ற பெண்களும் அதில் உட்காரத் தயங்கினார்கள். ஏன் என்று கேட்டால் மௌஸ் சரியில்லை என்பார்கள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அங்கே யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். திரும்பினால் காலி நாற்காலி. ஸ்கிரீன் சேவரில் கறுப்புப் பின்னணியில் நட்சத்திரங்கள் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் குழிகள் வரிசையாகப் போகும்போது, எங்கோ மணலுக்கு நடுவில் மூடிக் கிடக்கும் ஒரு பெட்டியும், அதன் வாயில் காவல் நிற்கும் ஏதோ ஒன்றும் மனசுக்குள் வந்துபோகும். ப்ரோகிராம்தான், ப்ரோகிராம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அது வரவில்லை.

அவர் அனுப்பிவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தார். ரெஃப்ரெஷ் அழுத்தினார். அந்தச் சொல்லை நான், புதுசாக்கிப் பார்ப்பது என்று சொல்லித்தந்திருந்தேன். மறுபடி அழுத்தினார். இன்பாக்ஸ் அப்படியே இருந்தது.

"டீச்சர், இன்னிக்கித் திரும்பி வரல."

நானும் வந்து பார்த்தேன். இன்னொரு மெயில் அனுப்பச் சொன்னேன். அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"பெட்டியில எடம் வந்திருச்சு. யாரோ தொறந்து அழிச்சிருக்காங்க, அப்படித்தான டீச்சர்?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "அவருதான். வேற யாரு தொறப்பா?"

எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் கீழே இறங்கிப் போய் எல்லாருக்கும் பூந்தி வாங்கிவந்தார். கோயில் குங்குமத்தை என் நெற்றியிலும் அந்தப் பெண்கள் நெற்றியிலும் வைத்துவிட்டார். சென்டர் நடத்தியவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த அறையின் கறுப்புத் தாளைக் கூட ஒரு ஓரத்தில் யாரோ பிரித்துவிட்டிருந்தார்கள். ஒரு துண்டு வெயில் உள்ளே விழுந்திருந்தது.

மறுநாள் காலை நான் என்னுடைய மெயிலைத் திறந்தேன். அதே கம்பெனியில்தான் என் பெட்டியும் இருந்தது. மேலே ஓர் அறிவிப்பு. எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருடைய பெட்டியையும் பல மடங்கு பெரிதாக்கியிருக்கிறோம், இனி இடம் போதவில்லை என்ற கவலை வேண்டாம்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கிலீஷ் தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

திங்கட்கிழமை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். பதில் வந்திருக்கும் என்று நினைத்து ஓடிவந்திருந்தார். மெஷினில் உட்காரும் முன்னால் அவரை வாசல் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கம்பெனிக்காரனே பெட்டியைப் பெரிசாக்கியிருக்கிறான், யாரும் திறந்ததாகத் தெரியவில்லை என்றேன்.

கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்குமா பெருசாக்கிட்டான்?"

"எல்லாருக்கும்க்கா."

"உசுரோட இருக்கறவங்களுக்கு மட்டும்னு இல்லையா?"

அந்த வார்த்தையை அவர் முதல்முறையாகச் சொல்லியிருந்தார். அதுவரை இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே என்ன போட்டாலும் திரும்பி வராதுல்ல?" என்றார். "சரி" என்று எழுந்து உள்ளே போனார். அன்றும் ஒன்று அடித்து அனுப்பினார்.

ஆனால் அந்த மௌனம் அவரை முன்னைவிட மோசமாகப் படுத்தியது. மெயில்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் இல்லை. "பேயாச்சும் வாயத் தொறந்துச்சு" என்றார் ஒரு நாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. மெஷினில் உட்கார்ந்து, எதுவும் அடிக்காமல், ரெஃப்ரெஷை மட்டும் அழுத்திவிட்டு எழுந்துபோன நாட்களும் உண்டு.

சில வாரங்கள் அவர் வரவே இல்லை. மறுபடி வந்தபோது கூட ஓர் ஆள் இருந்தார். வெயிலில் கருத்து, தாடையெல்லாம் ஒட்டிப்போன ஆள். திருமழபாடிப் பக்கம் அவருக்கு ஊர். அவர்தான் அந்த ரூம் கூட்டாளி. சரியான பேப்பர் இல்லாமல் அங்கே இருப்பவர்களைத் தண்டிக்காமல் ஊருக்கு அனுப்பிவைத்தபோது வந்தவர். வந்ததும் முதலில் விசாரித்துக்கொண்டு வேப்பந்தட்டைப் பக்கம் போயிருக்கிறார்.

"தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்றார் அந்த அக்கா. அவர் முகத்தைப் பார்த்த உடனே எனக்கும் தெரிந்துபோயிருந்தது.

கூட்டாளி செருப்பில்லாத காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார். வேலைக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி, விடியற்காலை மங்கலில், குறுக்கே வந்த ஒட்டகத்தில் மோதியிருக்கிறது. வண்டியில் இருந்தவர்களில் அக்காவின் கணவர் கையில் மட்டும் எந்த அடையாளச் சீட்டும் இல்லை. விசா கொடுத்த முதலாளியை விட்டுவிட்டு, பேப்பர் இல்லாமல் வேறு இடத்துக்கு மாறியவர். அங்கேயே யாரோ அடக்கம் செய்துவிட்டார்கள்.

"எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தாங்க தெரியும். நானும் பேப்பர் இல்லாத ஆளு. போயி விசாரிச்சா என்னையும் பிடிச்சுருவாங்கன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

"நான் சென்ட்டுன்னு ஒரு வார்த்த கத்துக்குறதுக்கு முந்தியே அவரு போயிட்டாரு டீச்சர்" என்றார் அக்கா. அழவில்லை. ஊரில் அழுது முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

அவர் வந்தது ஒரு காரியத்துக்காக. பாஸ்வேர்ட் கூட்டாளிக்குத் தெரியும். பெட்டியைத் தொடங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதை அக்காவின் காதில் மெல்லச் சொன்னார். அக்கா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். எனக்குத் திரையில் நட்சத்திரப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. அந்தச் சொல் என்ன என்று நான் கேட்கவில்லை.

பெட்டி திறந்தது.

லாட்டரி விழுந்திருக்கிறது, கடன் தருகிறோம், பத்து நாளில் எடை குறையும். பக்கம் பக்கமாக அதுதான். இவற்றுக்கு நடுவில் ஆங்காங்கே அக்கா எழுதியவை, சப்ஜெக்ட் இல்லாமல். எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன.

"ஏன் எல்லாம் இவ்வளவு கருப்பா இருக்கு?"

"அன்ரெட். இன்னும் படிக்காதது. தொறந்து பாத்துட்டா சாதா எழுத்தா மாறிடும்."

"ஒண்ணு தொறந்தா, அவரு படிச்ச மாதிரி காட்டுமா?"

"காட்டும்க்கா."

மௌஸ் மேல் இருந்த கையை எடுத்துவிட்டார். "வேணாம். அது அவருக்குப் போட்டது."

அதன் பிறகு டெலீட் எது என்று கேட்டார். விளம்பரங்களை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம் என்று காட்டினேன், வேண்டாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் பெயரைப் படித்து, "இது யாரு?" என்று கேட்பார். யாரும் இல்லை என்பேன். அழிப்பார். கூட்டாளி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தது. சென்டர் நடத்தியவர் அடுத்த வகுப்பைக் கீழே ஜவுளிக்கடை வராந்தாவில் உட்காரவைத்து நடத்தச் சொன்னார். நான் மேலே வந்தபோது பெட்டியில் அவருடைய மெயில்கள் மட்டும் இருந்தன, ஒன்றன் கீழ் ஒன்றாக, கறுப்பாக. சாவு வீட்டைக் கழுவிவிட்டது போல இருந்தது அந்தத் திரை.

"ஆளில்லாத கணக்க மூடிருவாங்களா டீச்சர்?"

"ரொம்ப நாள் யாரும் உள்ள போகாம இருந்தா மூடிருவாங்க."

"நான் போயிக்கிறேன்" என்றார்.

அதற்கடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகி, வேலையை விட்டுவிட்டு அரியலூரிலேயே தங்கிவிட்டேன். கிளம்பும்போது அக்காவிடம் என் மெயில் முகவரியை எழுதிக் கொடுத்திருந்தேன். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். பள்ளி ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டரில் சில நாள் பிற்பகலில் போய் மெயில் பார்ப்பேன். ஒரு நாள் இன்பாக்ஸைத் திறந்தேன். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் அந்த அக்காவின் கணவர் பெயர் இருந்தது. எழுந்து ஆபீஸ் வாசலுக்கு வந்து, மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் திரும்பிப் போய்த் திறந்தேன்.

"டீச்சர் பயப்படாதீங்க, நாந்தான்" என்று தொடங்கியது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். உள்ளே போய் வந்தால் மட்டும் போதாது, எப்போதாவது ஒரு மெயிலாவது அந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "யாருக்குப் போடுறதுன்னு தெரியல. அதான் உங்களுக்கு. நீங்க பதில் போட வேணாம். அந்தப் பொட்டியில இன்னொருத்தர் எழுதினது வேணாம்."

நான் பதில் போடவில்லை. அதன் பிறகு அவ்வப்போது அந்தப் பெயரில் ஒரு மெயில் வரும். சிலதில் மகள் நல்ல மார்க் எடுத்தது, தான் தாலுகா ஆபீஸ் எதிரில் டைப் அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தது என்று இரண்டு வரி இருக்கும். சிலது வெறுமையாகவே வரும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு தடவை வாசல் பக்கம் போய்விட்டு வந்துதான் திறப்பேன். என் கணவரிடம் சொன்னேன். அவர், "இதை ஏன் வாங்கிட்டிருக்க, நிறுத்தச் சொல்லு" என்றார். சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு சமயம் அந்த மெயில்கள் நின்றன. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அந்த வருடக் கடைசியில் அரியலூர் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மகளைச் சென்னைக்கு நர்சிங் படிக்க அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். நன்றாகத் தேறியிருந்தார். மகள் தண்ணீர் பிடிக்கப் போனதும், ஏன் மெயில் வரவில்லை என்று கேட்டேன்.

"நானா நிறுத்தல டீச்சர்" என்றார். "அந்தப் பாஸ்வேர்டு சொல்லு என் விரல்ல இருந்துச்சு. நெனச்சுப் பாக்கவே வேணாம், உக்காந்தா விரலே அடிச்சிரும். ஒரு வெள்ளிக்கிழமை உக்காந்தேன், விரல் நவுரல. என்னென்னவோ அடிச்சுப் பாத்தேன். தப்பு தப்புன்னுச்சு."

"அதுக்கு வழி இருக்குக்கா. கீழயே ஒரு வரி இருக்குமே, மறந்துட்டீங்களான்னு. அத அழுத்தினா..."

"பாத்தேன். ஃபர்காட்டுன்னு போட்டிருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்த வார்த்ததான்." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துட்டியான்னு கேக்குது. ஆமான்னு அத அமுக்க எனக்குக் கை வரல டீச்சர்."

மகள் பாட்டிலோடு வந்துவிட்டாள். "இவங்கதான் நான் சொல்லுவேனே அந்த டீச்சர்" என்று என்னை அவளுக்குக் காட்டினார். அந்தப் பெண் சிரித்தாள். ரயில் வருவதாக மணி அடித்தார்கள். பெட்டிகளை ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.